மொனாக்கோவில் ஒரு பகல்

எமது பிரதேசத்துப் பெண்களிடம் "இதுவரை எந்தெந்த ஊருக்குப் பயணம் போயிருக்கிறீர்கள்?" என்று கேட்டால் அவர்கள் சொல்லும் ஊர்களின் பட்டியல் மிக நீளமானது. ஆனால் அவற்றுள் ஒன்றேனும் பார்த்து மகிழ்வதற்காகப் போன ஊராக இருப்பதில்லை. இடம்பெயர்ந்து போன ஊர், முகாமில் இருந்த ஊர், தடுப்பில் இருந்தவரைப் பார்க்கப் போன ஊர், காணாமற் போனவரைத் தேடிப் போன ஊர், பெரியாஸ்பத்திரி இருக்கின்ற ஊர் என்றவாறே அந்தப் பட்டியல் அமைகின்றது. பயணம் என்பது எமக்கு ஓடுவதற்கும் தேடுவதற்குமான ஒன்றாகவே இருந்து வந்துள்ளது. சுற்றுலா என்பது பணமும் ஆண்துணையும் உள்ளவர்களின் விடயம் என்ற எண்ணமும் எமது சமூகத்தில் ஆழமாக வேரூன்றியுள்ளது.

2025 ஒக்டோபரில் பாரிசில் வசிக்கும் எனது பெரியம்மாவின் மகளிடம் விடுமுறையில் சென்றிருந்தேன். அவ்வேளையில் நாங்கள் இருவரும் ஒருநாள் மொனாக்கோவுக்குச் சென்று வந்தோம். ஊர் திரும்பியதும் நான் பணிபுரியும் கிராமத்தின் பெண்கள் குழுவில் இதைச் சொன்னபோது, "கார் ஓட்டப் போட்டி நடக்கிற இடமெல்லோ? எங்கட பெடியள் ரீவியில பாக்கிறவங்கள். அதைப் பற்றி எழுதித் தாங்கோ ரீச்சர், வாசிச்சுப் பாப்பம்" என்றார்கள். அவர்களுக்காகவும் அவர்களைப் போன்ற ஏனைய சகோதரிகளுக்காகவுமே இதனை எழுதுகின்றேன்.

நயினாதீவிலும் சிறிய நாடு

பிரான்சின் தென்கிழக்குக் கரையில், இத்தாலிய எல்லைக்கு அண்மையில், மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி மொனாக்கோ அமைந்துள்ளது. உலகின் இரண்டாவது மிகச் சிறிய நாடு இது. பரப்பளவு ஏறத்தாழ 2 சதுர கிலோமீற்றர் மட்டுமே. எமது நயினாதீவில் ஏறக்குறைய அரைவாசி என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அரைவாசிக்குள் 38,000 க்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். உலக நாடுகளிலே சனத்தொகை அடர்த்தி கூடிய நாடும் இதுவே. நிலம் போதாமையால் கடலை நிரப்பியே நாட்டை வளர்க்கிறார்கள். 2024 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்ட மாரேதெரா என்ற புதிய பகுதி இவ்வாறு கடலிலிருந்து எடுக்கப்பட்ட 6 ஹெக்டயர் நிலமாகும்.

நாம் நீஸ் நகரிலிருந்து புகையிரதத்திற் சென்றோம். அரை மணித்தியாலத்திற்கும் குறைவான பயணம். பிரான்சிலிருந்து மொனாக்கோவுக்குள் நுழையும்போது சோதனைச் சாவடி எதுவுமில்லை, கடவுச்சீட்டைக் காட்டச் சொல்பவருமில்லை. நாடு மாறியதை நான் அறியவே இல்லை. இறங்கிய நிலையம் மலையைக் குடைந்து அமைக்கப்பட்டது. 1999 இலிருந்து பாவனையில் உள்ளது. அங்கிருந்து வெளியே வருவதற்கே மின்தூக்கிகளும் நகரும் படிகளும் உள்ளன. மலைச்சரிவில் அடுக்கடுக்காகக் கட்டப்பட்ட நகரமாதலால் ஊர் முழுவதும் ஒரு வீதியிலிருந்து மேல் வீதிக்கு ஏறுவதற்குப் பொது மின்தூக்கிகள் அமைக்கப்பட்டுள்ளன. யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். கைப்பிள்ளைக்காரிகளும் ஊன்றுகோலுடன் வந்த முதியோரும் சிரமமின்றி ஏறி இறங்குவதைக் கண்டபோது, காலை இழந்தபின் படியேற முடியாமல் பிரதேச செயலக வாசலில் காத்திருக்கும் எமது சகோதரிகள் நினைவுக்கு வந்தனர். மாற்றுத்திறனாளிகளுக்கான வசதி எல்லோருக்கும் வசதி என்பதை அந்த மின்தூக்கிகள் எடுத்துக்காட்டின.

படகில் வந்த பெண்

நிலையத்திற்குக் கீழே, இரு மலைகளுக்கிடையில் ஒடுங்கியபடி புனித டெவோட்டாவின் தேவாலயம் நிற்கின்றது. மொனாக்கோவின் பாதுகாவலி இவர்தான். கோர்சிக்காத் தீவைச் சேர்ந்த இளம்பெண்ணான இவர் நாலாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவ நம்பிக்கைக்காகக் கொல்லப்பட்டாரென்றும், அவரது உடலை ஏற்றிச் சென்ற படகு புயலில் அகப்பட்டு, புறா ஒன்று வழிகாட்ட இந்தக் கரையை வந்தடைந்ததென்றும் ஐதீகம் கூறுகின்றது. பின்னாளில் அவரது திருப்பண்டத்தைத் திருடிச் செல்ல முயன்றவனைப் பிடித்து, அவனது படகை ஊரார் எரித்தனராம். இதை நினைவுகூர்ந்து இன்றும் ஒவ்வொரு வருடமும் ஜனவரி 26 ஆம் திகதி இரவு தேவாலயத்தின் முன்னால் ஒரு படகு எரிக்கப்படுகின்றது. மறுநாள் பெருநாள். இத்தனை செல்வம் கொழிக்கும் நாட்டைக் காப்பவளாகக் கருதப்படுபவள், சொந்த ஊரில் வன்முறைக்குப் பலியாகிப் படகில் வந்து சேர்ந்த ஒரு பெண்.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் துறைமுகம். வீடுகளை விடப் பெரிய வெண்ணிற உல்லாசப் படகுகள் வரிசையாகக் கட்டப்பட்டிருந்தன. துறைமுகத்தின் மறுபுறத்தில் செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறையின் உச்சியில் அரண்மனை உள்ளது. 1297 ஜனவரி 8 ஆம் திகதி பிரான்சுவா கிரிமால்டி என்பவர் துறவியின் அங்கிக்குள் வாளை மறைத்து வந்து இந்தக் கோட்டையைக் கைப்பற்றினார் என்பது வரலாறு. அரச சின்னத்திலும் வாளேந்திய இரு துறவிகளே உள்ளனர். இடையில் கைமாறியபோதிலும், இன்றைய மன்னரான இளவரசர் இரண்டாம் அல்பேர்ட்டும் அதே கிரிமால்டி வம்சத்தவரே. நாள்தோறும் முற்பகல் 11.55 க்கு அரண்மனை முன்றலில் காவலர் மாறும் நிகழ்வு நடைபெறுகின்றது. இதற்கும் கட்டணமில்லை.

பாறையின் மறு ஓரத்தில், கடலிலிருந்து 85 மீற்றர் உயரத்துக்கு எழுந்து நிற்பது சமுத்திரவியல் அரும்பொருட்காட்சியகம். கடலாராய்ச்சியில் ஈடுபாடு கொண்டிருந்த முதலாம் அல்பேர்ட் இளவரசர் 1910 இல் இதைத் திறந்து வைத்தார். கடலுலகைத் திரைப்படங்கள் மூலம் உலகுக்குக் காட்டிய ஜாக் கூஸ்தோ 1957 முதல் 1988 வரை இதன் பணிப்பாளராக இருந்தார். உள்ளே கண்ணாடித் தொட்டிகளில் பவளப்பாறைகளும் வண்ண மீன்களும் நீந்தும் காட்சியைக் கண்ட அக்கா, "இதில பாதி மீன் எங்கட கரைவலையில வந்ததுகள்" என்று சிரித்தார். பாரிசுக்கு வந்து இருபத்தைந்து வருடங்களாகியும் அதிகாலை அலுவலகம் துப்புரவாக்கும் வேலை, பகலில் உணவகத்துச் சமையலறை என்று ஓடியவர் அவர். பிரான்சின் கடற்கரையை அந்த வாரத்தில்தான் முதன்முதலாகக் கண்டார்.

வறுமையிலிருந்து சூதாட்டத்திற்கு

இன்று கோடீஸ்வரரின் ஊராக அறியப்படும் மொனாக்கோ ஒருகாலத்தில் வறிய நாடாகவே இருந்தது. எலுமிச்சையும் ஒலிவும் விளைந்த மென்தோன், ரொக்புறூன் ஆகிய இரு ஊர்கள் வரிச்சுமை தாளாமல் 1848 இல் பிரிந்து சென்றன. 1861 இல் 40 இலட்சம் பிராங்குக்கு அவற்றின் மீதான உரிமை பிரான்சுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. நாட்டின் பெரும்பகுதி இவ்வாறு கைநழுவியது. வருமானத்திற்கு வழி தேடியபோது சூதாட்ட விடுதி அமைக்கும் திட்டத்தை ஊக்குவித்தவர் மூன்றாம் சார்ள்ஸ் இளவரசரின் தாயாரான கரோலின் என்பது குறிப்பிடத்தக்கது. முதல் முயற்சிகள் தோல்வியடைந்தன. 1863 இல் பிரான்சுவா பிளாங் என்ற வர்த்தகர் பொறுப்பேற்ற பின்னரே தொழில் சூடுபிடித்தது. 1866 இல் அந்தக் குன்றுக்கு இளவரசரின் பெயரால் மொன்டி கார்லோ எனப் பெயரிடப்பட்டது. 1868 இல் புகையிரதம் வந்தது. 1869 இல் மக்களின் வருமான வரி நீக்கப்பட்டது. அந்த வரிச் சலுகையே இன்றுவரை உலகச் செல்வந்தரை இங்கு இழுத்து வருகின்றது.

கசினோ மாளிகை உண்மையிலே அழகானது. பாரிஸ் இசை நாடக அரங்கைக் கட்டிய சார்ள்ஸ் கார்னியே இங்கு வடிவமைத்த இசை நாடக அரங்கு 1879 இல் திறக்கப்பட்டது. முன்றலில் விலையுயர்ந்த கார்கள் நிற்க, உல்லாசப் பயணிகள் அவற்றுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு விடயம் என்னைச் சிந்திக்க வைத்தது. மொனாக்கோ பிரசைகள் இந்தக் கசினோவில் சூதாடுவதற்குச் சட்டப்படி தடை உள்ளது. சூதாட்டம் குடும்பங்களை எப்படிச் சீரழிக்கும் என்பதை அதை நடத்துகின்றவர்களே நன்கறிந்திருக்கிறார்கள். இன்று நாட்டு வருமானத்தில் கசினோவின் பங்கு மிகச் சிறியது. விற்பனை மீதான வரி, வங்கித்தொழில், காணி கட்டட வியாபாரம் முதலானவையே பெரும் வருமானத்தைத் தருகின்றன.

வேகத்தின் வீதி

இனிக் கார் ஓட்டத்துக்கு வருவோம். மொனாக்கோவில் ஓட்டப்போட்டிக்கெனத் தனியான மைதானம் கிடையாது. மக்கள் நாளாந்தம் பாவிக்கும் வீதிகளே ஓடுபாதையாகின்றன. அந்தோனி நோகெஸ் என்பவரின் முயற்சியால் 1929 ஏப்ரல் 14 ஆம் திகதி முதலாவது கிறான்ட் பிறீ போட்டி நடந்தது. வென்றவர் வில்லியம் குறோவர் வில்லியம்ஸ். இரண்டாம் உலக யுத்தத்தில் இவர் ஜேர்மனியருக்கெதிரான இரகசியப் பணியில் ஈடுபட்டுப் பிடிபட்டு, வதைமுகாமிற் கொல்லப்பட்டார். பல்லாண்டுகளாக மே மாத இறுதியில் நடைபெற்ற இப்போட்டி 2026 இலிருந்து ஜூன் மாதத்துக்கு மாற்றப்பட்டது. பாதையின் நீளம் 3.337 கிலோமீற்றர். அதை 78 தடவை சுற்றவேண்டும். மொத்தம் 260 கிலோமீற்றர். போட்டிக்குப் பல வாரங்கள் முன்பிருந்தே தடுப்பு வேலிகளும் பார்வையாளர் மேடைகளும் அமைக்கத் தொடங்குவார்கள்.

நாம் சென்றது போட்டிக் காலமல்லாததால் அந்தப் பாதையை நடந்தே சுற்றினோம். புனித டெவோட்டா தேவாலயத்தடிதான் முதல் வளைவு. அங்கிருந்து மேட்டில் ஏறிக் கசினோ முன்றல், பின்பு இறக்கத்தில் கொண்டை ஊசி போல் மடங்கும் ஒரு வளைவு, அதன் பின் கடலோரச் சுரங்கப்பாதை, மீண்டும் துறைமுகம். அந்தக் கொண்டை ஊசி வளைவே போர்மியூலா வன் ஓட்டங்களில் மிகமெதுவாகத் திரும்பவேண்டிய இடமாகும். ஓட்டவீரர்கள் 70 செக்கன் அளவில் சுற்றி வரும் பாதையை நாம் ஒன்றரை மணித்தியாலத்தில் சுற்றினோம். பாதசாரிக் கடவையில் எமக்காக விலையுயர்ந்த கார்கள் பொறுமையாக நின்றன. பிரேசில் வீரர் அயர்டன் சென்னா இங்கு ஆறு தடவை வென்றார். 1931 இல் மொனாக்கோவில் பிறந்த லூயி சிரோன் வென்ற பின், இந்த மண்ணின் மைந்தர் ஒருவர் மீண்டும் வெல்வதற்கு 93 வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 இல் சார்ள்ஸ் லெக்லேர் வென்றார்.

இது ஆண்களின் விளையாட்டு என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் 1958 இல் மரியா தெரேசா டி பிலிப்பிஸ் என்ற இத்தாலியப் பெண் இதே மொனாக்கோவில் போர்மியூலா வன் போட்டிக்குத் தகுதிபெற முயன்றார். அவ்வருடம் 16 பேருக்கே இடமிருந்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. அடுத்த மாதமே பெல்ஜியப் போட்டியிற் கலந்துகொண்டு பத்தாவதாக வந்தார். போர்மியூலா வன் போட்டியில் ஓடிய முதலாவது பெண் அவரே. பக்கத்து ஊரான கிறாசில் பிறந்த மிஷேல் மூத்தோன் 1982 இல் உலக றலி வல்லவர் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றார். இதே காலங்களில், ஓட்டம் தொடங்குமுன் கார்களுக்குப் பக்கத்தில் அழகுப் பொம்மைகளாக இளம்பெண்களை நிறுத்தும் வழக்கமும் இருந்தது. 2018 இல்தான் அது கைவிடப்பட்டது.

செல்வமும் நவீனமும் பெண்ணுரிமையைத் தாமாகக் கொண்டுவருவதில்லை என்பதற்கு மொனாக்கோ நல்ல உதாரணம். இலங்கைப் பெண்கள் 1931 இலேயே வாக்குரிமை பெற்றுவிட்டனர். மொனாக்கோப் பெண்கள் தேசிய சபைக்கு வாக்களிக்கும் உரிமையை 1962 அரசியலமைப்பின் மூலமே பெற்றனர். அந்தச் சபைக்கு 2022 இல்தான் முதன்முதலாக ஒரு பெண் தலைவியானார்.

பணமில்லாமற் பார்த்தவை

மதிய உணவுக்கு 1880 இலிருந்து இயங்கிவரும் லா கொண்டமின் சந்தைக்குச் சென்றோம். கடைகளில் விலை எமக்குக் கட்டுப்படாது என்று பயந்திருந்தோம். ஆனால் சந்தையில் சாதாரண மக்கள் நின்றபடி சாப்பிடுகிறார்கள். கீரையும் சீஸும் வைத்து மடித்துப் பொரித்த பார்பஜுவான் எமது பற்றீசைப் போலவே இருந்தது. கடலை மாவில் ஒலிவ் எண்ணெய் சேர்த்துத் தணலில் வேகவைக்கும் சொக்கா என்ற தட்டை ரொட்டியும் உண்டோம்.

பின்னர் பொன்வியேயிலுள்ள ரோசாத் தோட்டத்திற்குச் சென்றோம். ஹொலிவூட் நடிகையாயிருந்து 1956 இல் மூன்றாம் ரெயினியே இளவரசரை மணந்த கிறேஸ் கெலியின் நினைவாக 1984 இல் இது திறக்கப்பட்டது. 1982 செப்டெம்பரில் மலை வீதியில் நேர்ந்த கார் விபத்தில் அவர் உயிரிழந்தார். துயரடைந்த ஒரு குடும்பம் கட்டிய தோட்டத்தில் எவரும் கட்டணமின்றி வந்து உட்காரலாம். நாமும் உட்கார்ந்து காலாறினோம்.

பெயர்கள் எழுதப்பட்ட கல்

உல்லாசப் பயணிகள் பெரும்பாலும் போகாத இடம் ஒன்று உண்டு. அது மொனாக்கோவின் பொது மயானம். இரண்டாம் உலக யுத்தத்தின்போது நடுநிலை நாடு, பாதுகாப்பாக இருக்கலாம் என்று நம்பிப் பல யூதர்கள் மொனாக்கோவில் அடைக்கலம் புகுந்திருந்தனர். 1942 ஓகஸ்ட் 27 ஆம் திகதி இரவு, மொனாக்கோப் பொலிசாரே அவர்களைச் சுற்றிவளைத்துப் பிடித்துப் பிரெஞ்சு அதிகாரிகளிடம் ஒப்படைத்தனர். அன்றிரவு பிடிக்கப்பட்டவர்கள் 66 பேர். வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டவர்களுள் மிகச் சிலரே திரும்பினர். அதன்பின் நெடுங்காலம் நாடு இதைப்பற்றிப் பேசவில்லை. 73 வருடங்களுக்குப் பின், 2015 ஓகஸ்ட் 27 ஆம் திகதி, இரண்டாம் அல்பேர்ட் இளவரசர் இந்த மயானத்தில் அவர்களின் பெயர்கள் பொறித்த நினைவுக்கல்லைத் திறந்துவைத்து, நாட்டின் பெயரால் மன்னிப்புக் கேட்டார்.

அக்காவின் தம்பி, எனக்கு அண்ணா முறையானவர், 2009 மே மாதத்திலிருந்து காணாமற் போனவர். அக்கா அந்தக் கல்லின் முன்னால் நின்று தனக்கு முன்பின் தெரியாத பெயர்களை ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டி வாசித்தார். "எழுபத்து மூண்டு வருசம் செண்டாலும் பேர் வந்திருக்குதடி பிள்ளை" என்றார். பிறகு, "அம்மாவுக்கு இப்ப எழுபத்தெட்டு வயசு" என்றார். அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.

ஒரு நாடு தான் செய்ததை ஒப்புக்கொள்வதால் அதன் மதிப்புக் குறைவதில்லை. மொனாக்கோவின் புகழும் குறையவில்லை, பயணிகளும் குறையவில்லை. ஆனால் பிள்ளையைத் தேடும் தாய்மாருக்கு 73 வருடங்கள் காத்திருக்க ஆயுள் போதாது. கண்கவர் ஊரொன்றைப் பார்க்கப் போன இடத்தில் நான் கண்ட பெரிய உண்மை இதுதான்.

மாலைப் புகையிரதம்

மாலை ஐந்து மணிக்குப் பின் நிலையம் நிறைந்து வழிந்தது. பிரான்சிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் நாள்தோறும் வேலைக்கு வந்து செல்வோர் 50,000 க்கும் மேற்பட்டவர்கள். நாட்டில் வசிப்போரை விட அதிகம். வீட்டு வாடகை கட்டுப்படாததால் இந்த ஊரை இயக்குகின்றவர்களிற் பெரும்பாலோர் இந்த ஊரில் வாழ முடியாது. எமக்கு எதிரே போர்த்துக்கல் நாட்டுப் பெண்ணொருவர் சப்பாத்தைத் தளர்த்திவிட்டுக் கால்களை நீவிக்கொண்டிருந்தார். ஹோட்டல் அறைகள் துப்புரவாக்குபவர். பதினொரு வருடங்களாக வந்துபோகிறாராம். அரும்பொருட்காட்சியகத்தைப் பார்த்தீர்களா என்று அக்கா கேட்டபோது, இல்லையென்று தலையசைத்தார். நேரமில்லை என்றார். அக்கா எம்மிடமிருந்த படங்களைக் கைத்தொலைபேசியில் அவருக்குக் காட்டினார். மீன்களைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பை என்னால் மறக்க முடியாது.

உழைக்கும் பெண்ணுக்கு ஓய்வு என்பது உலகெங்கும் கடைசியாகவே வருகின்றது. எமது பெண்களுக்கு இதற்கு மேலாக ஊர்வாயும் உண்டு. கணவனை இழந்தவள் சற்று நல்ல சேலை உடுத்து பஸ் ஏறினாலே "சுத்தித் திரியிறாள்" என்கிறார்கள். கணவன் திரும்பி வருவானோ மாட்டானோ என்று தெரியாதவளுக்குச் சிரிக்கவே உரிமையில்லை என்பது போல நடத்துகிறார்கள். துக்கத்தைச் சுமப்பவள் வீட்டு மூலையில்தான் சுமக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை. அக்கா அந்த ஒரே பகலில் மீன்களைப் பார்த்துச் சிரித்தார், கல்லின் முன்னால் அழுதார், சந்தையில் ரசித்துச் சாப்பிட்டார். ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.

மொனாக்கோவுக்குப் போவது எம்மில் எத்தனை பேருக்கு இயலும்? ஆனால் பார்க்கவென்றே ஓர் இடத்துக்குப் போவது இயலாத காரியமல்ல. எமது குழுவிலுள்ள 22 பெண்களும் இவ்வருடம் திருகோணமலைக்கு ஒருநாள் போய்வரத் தீர்மானித்துள்ளோம். வாரம் 100 ரூபாவை மற்றச் சேமிப்புடன் கலக்காமல் தனியாகப் போடுகின்றோம். வானுக்கு யார் பேசுவது, சிறு பிள்ளைகளை எவரிடம் விடுவது, கால் ஏலாதவர்களுக்கு எந்தக் கோயில் வாசலில் படி குறைவு என்பதெல்லாம் எழுதி வைத்தாயிற்று. சுனாமிக்குப் பிறகு கடற்பக்கமே போகாத ஓர் அம்மா முதலில் வரமாட்டேன் என்றார். கடந்த கூட்டத்தில் தன் பெயரையும் எழுதச் சொன்னார். "கிட்டப் போகமாட்டன், தள்ளியிருந்து பாக்கிறன்" என்றார். தள்ளியிருந்து பார்ப்பதற்கும் வானில் ஓர் இடம் வேண்டும். எழுதியிருக்கிறோம்.